இயக்கமா, அசைவா? ‘மூவ்மென்ட் தெரபி’க்குத் தமிழ்ச்சொல்

மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் உடல் அசைவு வழியாகப் பயிற்சி தரும் இடங்கள் மதுரையில் பெருகிவிட்டன. அவற்றின் பலகைகளிலும் துண்டறிக்கைகளிலும் ‘இயக்கச் சிகிச்சை’ என்ற தொடரும் ஊன்றிவிட்டது. ‘மூவ்மென்ட் தெரபி’க்கு இது பிழையான பெயர். இந்தப் பிழை இலக்கணத்தோடு நிற்பதில்லை, நோயாளியின் தோள்மூட்டு வரை போகிறது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘மூவ்மென்ட்’ லத்தீனின் ‘மொவேரே’யிலிருந்து வந்தது. ‘தெரபி’ கிரேக்கச் சொல். உடனிருந்து பேணுதல், பணிவிடை செய்தல் என்பது அதன் முதற்பொருள். நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் ‘உழைச்செல்வான்’ என்று 950ஆம் குறள் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணுகிறது. அசைவை ஒரு முறையாக வகுத்தவர்களில் முக்கியமானவர் சுவீடனின் பெர் ஹென்ரிக் லிங். அவர் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கியது 1813இல். ஆடலை மனநோயாளிகளிடம் கொண்டு சென்ற மரியன் சேஸ், 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் பணி தொடங்கினார்.

இனி வழக்குக்கு வருவோம். திருந்து, திருத்து இரண்டுக்கும் ‘திருத்தம்’ ஒன்றே பெயர்ச்சொல். அதுபோல இயங்கு, இயக்கு இரண்டுக்கும் ‘இயக்கம்’. தானே இயங்குவதா, பிறர் இயக்குவதா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. அதோடு இன்றைய வழக்கு இயக்குவதன் பக்கமே சாய்ந்திருக்கிறது: பேருந்து இயக்கப்படுகிறது, மோட்டார் இயக்கப்படுகிறது. ‘இயக்கத்துல இருக்காரு’ என்றால் கட்சிக்காரர் என்றே நம் ஊரில் பொருள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பயிற்சியில் மூன்று நிலை உண்டு: நோயாளி தானே அசைவது, பிறர் துணையோடு அசைவது, பிறர் அசைத்துவிடுவது. மூன்றாவது, மூட்டு இறுகாமல் காப்பதற்கான தொடக்கம் மட்டுமே. கை விளங்காமல் போனவருக்கு ‘இயக்கச் சிகிச்சை’ என்று எழுதிக் கொடுத்தால், வீட்டார் மூன்றாவதையே முழுச் சிகிச்சை என்று எடுத்துக்கொள்கிறார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் தாங்கல் கொடுத்து, தோள்பட்டை எலும்பும் கூடவே வருமாறு மெதுவாக நகர்த்தி, வலி வந்ததும் நிறுத்த வேண்டும். அப்படியின்றி உள்ளங்கையைப் பற்றித் தலைக்கு மேலே இழுத்தால், தசைகளின் பிடிமானம் இழந்த தோள்மூட்டு நழுவக்கூடும். பிறகு அந்த வலிக்கு அஞ்சியே நோயாளி தானாக முயல்வதை விட்டுவிடுவார்.

தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்ட வழி இருக்கிறது. அசைதலுக்கு ‘அசைவு’, அசைத்தலுக்கு ‘அசைப்பு’. அசைவு அவருடையது, அசைப்பு பிறருடையது. இவ்வளவு தெளிவான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘இயக்க’த்தைத் தேடிப் போவானேன்?

இரண்டு மறுப்புகள் வரும். அசைவ உணவோடு குழம்பும் என்பது ஒன்று. ‘அசைவ’ என்று எழுதினால்தான் குழம்பும். உகரத்தை விடாமல் ‘அசைவுப்’ என்று வல்லினம் மிகுந்து எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. பழந்தமிழில் ‘அசைவு’ தளர்ச்சியைக் குறித்தது என்பது மற்றொன்று. உண்மைதான்; ‘அசைவிலா ஊக்கம்’ என்று 594ஆம் குறளில் வருவது அந்தப் பொருளில்தான். ஆனால் இன்று ‘கழுத்தை அசைக்க முடியல’ என்று சொல்பவரிடம் அந்தப் பழம்பொருள் இல்லை.

‘சிகிச்சை’க்கு ‘பண்டுவம்’ போதும். ‘மாட்டுக்குப் பண்டுவம் பாக்கணும்’ என்பது தென்மாவட்டக் கிராமங்களின் பேச்சு. ஆகவே ‘அசைவுப் பண்டுவம்’ என்க. பண்டுவம் புரியாது என்று நினைப்பவர் ‘அசைவு மருத்துவம்’ என்று எழுதட்டும். ‘அசைவு’ மட்டும் மாறக்கூடாது. ‘மூவ்மென்ட் தெரபி’யையே ‘இயன்முறை மருத்துவம்’ என்றும் சிலர் போடுகிறார்கள். அது பிசியோதெரபிக்கு உரிய பெயர். வெப்பம், மின்தூண்டல் எல்லாம் அதில் அடங்கும்.

‘ஹோலிஸ்டிக் ஹெல்த்’தை ‘முழுமையான ஆரோக்கியம்’ என்று பெயர்ப்பது இன்னும் பெரிய தவறு. ‘ஹோலிசம்’ தென்னாப்பிரிக்க அரசியல் தலைவர் யான் ஸ்மட்ஸ் 1926இல் ஆக்கிய சொல். பகுதிகளாகப் பிரிக்காமல் முழுதாகப் பார்ப்பது அதன் கருத்து. உடல், மனம், உறக்கம், உணவு, வீட்டுச் சூழல் என்று ஆளையே முழுதாகப் பார்ப்பதைத்தான் அது சொல்கிறது. ‘முழுமையான ஆரோக்கியம்’ என்றாலோ நோய் முற்றிலும் தீர்ந்துவிடும் என்ற வாக்குறுதியாகிவிடுகிறது. சர்க்கரை நோயோடு இறுகிய தோளுக்கு வருபவரிடம் அப்படி ஒரு வாக்கைக் கொடுக்கலாகாது. ‘முழுதளாவிய நலம்’ என்றால் பொருள் நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் பயிற்சியைச் செய்து பார்க்காமலே பெயர்க்கிறார்கள். ‘அமர்வு நிலையிலிருந்து எழும் இயக்கம் மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்ற வரியைப் படித்து எந்தப் பாட்டியும் எழ முடியாது. அவரிடம் இப்படிச் சொல்ல வேண்டும்: “நாற்காலி நுனிக்கு வாங்க. ரெண்டு பாதத்தையும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால இழுத்து வைங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால சாஞ்சு எந்திரிங்க.” பாதம் முன்னால் நீண்டிருந்தால் உடற்பாரம் பின்னால் தங்கி, பாதி எழுந்தவர் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக்கூடாது, பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும்.