சான்றிதழில் எழுதப்படாத பயம்

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயின் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்துவைக்கத் தொடங்கியிருந்தான். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீடு முழுக்கத் தேடினால், அது அலமாரிக்குப் பின்னாலோ அவனுடைய போர்வைக்குள்ளோ கிடைக்கும். குளியலறைக் கதவைத் தாழிடவும் அவன் விடுவதில்லை. பள்ளியில் யாரோ மிரட்டுகிறார்கள் என்று எண்ணித்தான் பெற்றோர் அவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். மூன்றாவது சந்திப்பில் அவன் ஒரு பறவைக் கூட்டை வரைந்து, அதன்மேல் கறுப்பு வண்ணத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தான். இது என்னவென்று கேட்டேன். “உள்ள அம்மா வாத்து இருக்கு. ரோபோ மேல விழுந்துடுச்சு” என்றான்.

அவன் எந்தப் படத்தைச் சொல்கிறான் என்று தெரிந்ததும் தந்தை திகைத்துப் போனார். “அது குழந்தைகள் படம்தானே? குடும்பத்தோடுதானே போய்ப் பார்த்தோம்?” என்றார். குழந்தைகள் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் நான் இந்தக் கேள்வியை எத்தனையோ பெற்றோரிடமிருந்து கேட்டிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தாயாக நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டவள்தான். (அந்தச் சிறுவனை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவன் பார்த்தது 2024-இல் வெளிவந்த ‘தி வைல்ட் ரோபோ’. மனிதர்கள் இல்லாத ஒரு தீவில் கரை ஒதுங்கும் ரோஸ் என்ற இயந்திரம், தவறி ஒரு காட்டு வாத்தின் கூட்டின்மேல் விழுந்து அந்தக் குடும்பத்தையே அழித்துவிடுகிறது. மிஞ்சிய ஒரே முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சைத் தானே வளர்க்கிறது. தன் குடும்பம் எப்படி இறந்தது என்ற உண்மை பின்னர்தான் அந்தக் குஞ்சுக்குத் தெரிகிறது. வளர்ப்பு என்னும் பெரும் பொறுப்பைப் பற்றி அண்மைக் காலத்தில் வந்த படங்களில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்க்கவில்லை. குஞ்சு பறக்கக் கற்றுக்கொண்டு கூட்டத்தோடு வலசை போகும் காட்சியில் பெற்றோராகிய நம் கண்கள்தான் முதலில் கலங்கும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் படம் வளர்ப்பைப் பற்றியது அல்ல, நசுங்கிப்போன கூட்டைப் பற்றியது. ஒரே திரையரங்கில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நாமும் அவனும் இரு வேறு படங்களைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

அமெரிக்கத் தரமதிப்பீட்டில் அந்தப் படம் ‘பிஜி’ பெற்றது. பெற்றோரின் வழிகாட்டுதல் தேவைப்படலாம் என்பது அதன் பொருள். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் சண்டையும் ஆபத்தும் நிறைந்த காட்சிகள், ‘கருப்பொருள் சார்ந்த கூறுகள்’ என்பவை. அதே ஆண்டு வந்த ‘இன்சைட் அவுட் 2’ படத்துக்கும் அதே ‘பிஜி’தான், அங்கும் அதே ‘கருப்பொருள் சார்ந்த கூறுகள்’ என்ற சொற்கள்தான். ஒரு படத்தில் அது தாயின் மரணத்தைக் குறிக்கிறது, இன்னொன்றில் பதின்மூன்று வயதுச் சிறுமியின் பதற்றத்தைக் குறிக்கிறது. ரத்தம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள் ஆகியவற்றை எண்ணிச் சொல்லத் தெரிந்த சான்றிதழ்களுக்கு, பிரிவை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆலோசனை அறைக்கு வரும் சிறு பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்பதோ பிரிவைப் பற்றிய பயம்தான்.

இது ஏதோ ஒரு படத்தின் குறை அன்று. 2014-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ஓர் ஆய்வு, 1937 முதல் 2013 வரை வசூலில் முன்னணியில் இருந்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை அதே காலத்தில் பெரியவர்களுக்காக வந்த படங்களோடு ஒப்பிட்டது. முக்கியப் பாத்திரம் திரையில் இறக்கும் வாய்ப்பு குழந்தைகள் படங்களில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்றும், நாயகனின் அல்லது நாயகியின் பெற்றோர் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்றும் அது கண்டது. கதை சொல்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தாயும் தந்தையும் இருந்தால் அந்தப் பிள்ளை தனியாகக் காட்டுக்குள் போகாது, கதையும் நகராது. அந்த வசதிக்கான விலையை நம் பிள்ளைகள் இரவில் தூக்கத்தால் கொடுக்கிறார்கள்.

பயம் வயதுக்கேற்ப உருமாறுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜோஆன் கேன்டர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். ஏறத்தாழ ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தோற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். நல்லவனே ஆனாலும் பச்சை உடலோடு உருமாறினால் அவர்களுக்கு அவன் பூதம்தான். பெரிய பிள்ளைகளோ, நிஜத்தில் நடக்கக்கூடியதைக் கண்டு அஞ்சுகிறார்கள். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையிடம் “இது வெறும் படம்தான், நிஜமில்லை” என்று எத்தனை முறை சொன்னாலும் அது அவன் பயத்தைத் தொடுவதில்லை. மடியில் ஏற்றிக்கொள்வதும், கையைப் பிடித்துக்கொள்வதும், படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுப்பதும்தான் அந்த வயதுக்குப் புரியும் விளக்கங்கள். எட்டு, ஒன்பது வயதுக்குப் பிறகுதான் பேச்சு உதவத் தொடங்குகிறது.

‘இன்சைட் அவுட் 2’ படத்தை என் பதினொரு வயது மகனோடு பார்த்தேன். இறுதிப் பகுதியில் ஆட்டத்தின் நடுவே அந்தச் சிறுமிக்கு மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அவள் மனத்துக்குள் ‘பதற்றம்’ என்னும் ஆரஞ்சு நிறப் பாத்திரம் புயலாய்ச் சுழன்று, நிறுத்த முடியாமல் உறைந்து நிற்கிறது. அவள் உட்கார்ந்திருக்கும் பலகையைக் கையால் தொட்டு உணர்கிறாள், சுற்றிலும் கேட்கும் ஒலிகள் மெல்லத் திரும்பி வருகின்றன, மூச்சு சீராகிறது. பதற்றம் உச்சத்துக்குப் போகும்போது புலன்களைக் கொண்டு மனத்தை இந்த நொடிக்கு இழுத்துவருவது, நாங்கள் ஆலோசனையில் வாரக்கணக்கில் பழக்கும் ஒரு வழிமுறை. அதைச் சில நிமிடங்களில் இவ்வளவு துல்லியமாகக் காட்டியிருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சில நாள் கழித்துத் தேர்வுக்கு முந்தைய இரவில் என் மகன், “அம்மா, எனக்கும் அந்த ஆரஞ்சு நிறத்துப் பொம்மை சுத்துது” என்றான். சொல்ல முடியாமல் வயிற்றுவலியாக வெளிப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்கு அன்று அவனுக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதே காட்சியில் என் ஆறு வயது மகளோ, அந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று, செத்துப்போவாளா என்று கேட்டாள். அவள் கேட்டபோது நான் கைப்பேசியில் ஒரு செய்திக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் வலிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் உடனிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல என்று மற்றவர்களுக்குச் சொல்லிவந்த நான், அதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

தொலைக்காட்சித் தொடர்களில் சிறு பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது 2018-இல் தொடங்கிய, நாய்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆஸ்திரேலியத் தொடரான ‘புளூயி’. ஒரு பகுதி ஏறத்தாழ ஏழு நிமிடங்கள்தான். அதில் ஒரு பகுதியில், வழியில் அடிபட்டுக் கிடக்கும் சிறு பறவையைத் தந்தையும் மகளும் மருத்துவரிடம் கொண்டுசெல்ல, அது இறந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் குட்டி, நடந்தது அத்தனையையும் விளையாட்டாக நடித்துப் பார்க்கிறது, தாயும் கூடவே நடிக்கிறாள். அங்கே அறிவுரை சொல்லி யாரும் அவளைத் தேற்றவில்லை. செருப்பை ஒளித்துவைத்த சிறுவனுக்கு நாங்கள் செய்ததும் இதுதான். பொம்மைகளை வைத்து, அம்மா வெளியே போவாள், வருவாள், மறுபடி போவாள், மறுபடி வருவாள். ஐந்து வாரங்கள் அவன் அதையே விளையாடினான். ஆறாவது வாரம் அம்மா பொம்மை வருவதற்குள் அவனுக்கு வேறு விளையாட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

நல்ல தொடரையும் கெடுப்பது, ஒரு பகுதி முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாடு. பிள்ளை ஒரு கேள்வி கேட்க நினைக்கும் இடைவெளி அந்தச் சில நொடிகள்தான். செயலியின் அமைப்புகளில் அதை அணைத்துவைக்க ஒரு நிமிடம் போதும். காட்சி மாறும் வேகத்தையும் கவனியுங்கள்: 2011-இல் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஒன்பது நிமிடங்கள் அதிவேகக் கார்ட்டூன் பார்த்தவர்கள், அதே நேரம் படம் வரைந்துகொண்டிருந்தவர்களைவிட, உடனடியாகத் தரப்பட்ட கவனம், சுயகட்டுப்பாடு சார்ந்த பயிற்சிகளில் பின்தங்கினார்கள். அந்த விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனாலும், கார்ட்டூன் முடிந்த கையோடு பிள்ளையைப் பாடத்துக்கோ படுக்கைக்கோ அனுப்ப வேண்டாம் என்றே பெற்றோரிடம் சொல்கிறேன்.

படம் முடிந்ததும் “பயமா இருந்துச்சா?” என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இல்லை என்றே சொல்வார்கள், பயந்ததாகச் சொன்னால் அடுத்த படத்துக்கு அழைத்துப்போக மாட்டோமோ என்ற கவலை அவர்களுக்கு. “எந்த இடம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அன்று வராத பதில் மூன்றாம் நாள் குளிக்கும்போது வரலாம், ஓவியத்தில் வரலாம், காணாமல்போன செருப்பாகவும் வரலாம். ஓரிரு வாரம் ஒட்டிக்கொண்டு திரிவதும், விளக்கை அணைக்க விடாததும் இயல்பே. அதற்காகப் பிள்ளையைக் கேலி செய்ய வேண்டாம், அண்ணன் தம்பிகளையும் செய்ய விட வேண்டாம். ஒரு மாதம் கடந்தும் தூக்கம் கெட்டால், தனியே பள்ளிக்குப் போக மறுத்தால், தாய் தந்தை இறந்துவிடுவார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டால், குழந்தைகள் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ அணுகுங்கள். வரும்போது, பிள்ளை அண்மையில் என்னென்ன பார்த்தது என்ற பட்டியலையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.