கண் ஏன் முன்னால் துருத்துகிறது?

கண்குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். விழிக்கு அதில் 7 போதும். மிச்ச இடம் தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய்களுக்கு. சுற்றிலும் எலும்புச் சுவர், முன்பக்கம் மட்டும் திறப்பு. எனவே உள்ளே எது வீங்கினாலும் விழி முன்னால் தள்ளப்படும்.

பெரியவர்களிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம் கிரேவ்ஸ் எனும் தைராய்டு நோய். தைராய்டைத் தூண்டும் ஆன்டிபாடிகள் கண்குழிச் செல்களையும் தூண்டுகின்றன. அந்தச் செல்கள் சுரக்கும் ஹயலூரானிக் அமிலம் நீரை இழுத்துக்கொள்ள, தசைகள் உப்புகின்றன. பெரும்பாலும் முதலில் தடிப்பது விழியின் கீழ்த்தசை. அது நீண்டு கொடுக்காததால் மேலே பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரியும். தைராய்டு அளவுகள் சரியாக இருக்கும்போதும் இது வரலாம். ரிப்போர்ட் நார்மல் என்று விட்டுவிடாதீர்கள்.

அளப்பதற்கு ஹெர்ட்டல் கருவி இருக்கிறது. கண்குழியின் வெளிப்புற எலும்பு விளிம்பில் ஊன்றினால், கருவிழி எத்தனை மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது என்று காட்டும். இரு கண்களுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேவை. ஸ்கேனில் தசையின் நடுப்பகுதி தடித்து, விழியோடு சேரும் நாண் மெலிதாகவே இருப்பது தைராய்டின் அடையாளம். அதிக மைனஸ் பவர் உள்ள கண் நீளமானது. அது துருத்தியதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

ஸ்டீராய்டு மருந்து நன்றாக வேலை செய்வது வீக்கம் சிவந்து கனன்றுகொண்டிருக்கும் காலத்தில்தான். மிதமான, கடுமையான நிலைகளில் மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டை வாரம் ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள்: 6 வாரம் 500 மி.கி., அடுத்த 6 வாரம் 250 மி.கி. கூடவே சர்க்கரையும் கல்லீரலும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். தசை தழும்பேறிய பின் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. முதலில் எலும்புச் சுவரைக் குறைத்து இடம் உண்டாக்குவது, பிறகு மாறுகண், கடைசியில் இமை. ஒவ்வொன்றும் அடுத்ததின் அளவை மாற்றிவிடும் என்பதால் இந்த வரிசை. புகைப்பவருக்கு நோய் முற்றும், மருந்தும் சரியாகப் பிடிக்காது. சிகரெட்டை நிறுத்துவதும் சிகிச்சையே.

நிறங்கள் மங்கினால் பார்வை நரம்பு நெரிபடுகிறதோ என்று அன்றே பார்க்க வேண்டும். காய்ச்சலோடு ஒரு கண் வீங்கித் துருத்திய குழந்தைக்கு சைனஸ் கிருமித்தொற்று கண்குழிக்குள் பரவியிருக்கலாம்; சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.