வீடியோ ஓடினால் பாயிங்க் ஏன் நிற்கிறது?

லினக்ஸ் கணினிகளை நிறுவி, பராமரித்துக் கொடுப்பது என் தொழில். தன்னார்வக் கணிமையில் சேர்ந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "இருப்பதிலேயே லேசான வீடியோ பிளேயர் எது?" என்றுதான். படம் பார்க்கும் நேரத்திலும் கணினியின் சக்தி வீணாகாமல் ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரோசெட்டா அட் ஹோம் போன்ற திட்டங்களுக்குப் போக வேண்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் பிளேயரை மாற்றுவதால் மட்டும் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க் மென்பொருள், நம் கணினியில் சும்மா கிடக்கும் சக்தியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறது. விளையாட்டில்லை: 2010இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள், அரெசிபோ தொலைநோக்கியின் தரவை அலசி அதுவரை யாரும் அறியாத ஒரு பல்சாரை, அதாவது சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை வீசும் விண்மீனைக் கண்டுபிடித்தன.

சரி, வீடியோவுக்கு வருவோம். பிளேயரின் ஜன்னல், பொத்தான்கள், மெனு எல்லாம் கொஞ்சம் நினைவகம் எடுக்கும், அவ்வளவுதான். சிபியுவைத் தின்பது சுருக்கப்பட்ட வீடியோவை விரிக்கும் வேலை, அதாவது டிகோடிங். அதைச் சிபியுவே செய்யலாம், அல்லது கிராபிக்ஸ் சில்லில் அதற்கென்றே இருக்கும் தனிப் பகுதியிடம் விடலாம். அந்தப் பகுதி செய்தால் சிபியுவுக்கு ஏறக்குறைய ஓய்வு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லேசானது என்று பெயரெடுத்த எம்பிவி, நிறுவியபடியே விட்டால் சிபியுவில்தான் டிகோட் செய்யும். கனமானது என்று ஒதுக்கப்படும் விஎல்சியோ, 3.0 பதிப்பிலிருந்து முடிந்தவரை கிராபிக்ஸ் சில்லைத் தானாகவே பயன்படுத்தப் பார்க்கும். ஆக, "லேசானதுக்கு" மாறியவர் வீட்டில் சிபியு சூடு கூடியிருக்கும்! எம்பிவியின் அமைவுக் கோப்பில் ஹெச்டபிள்யூடெக் என்பதை ஆட்டோ-சேஃப் என்று வைத்தால் தீர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தியும் மாற்றலாம். ஐ விசையை அழுத்தினால் டிகோடிங் எங்கே நடக்கிறது என்று திரையிலேயே காட்டும். இந்த ஒரு வசதிக்காகவே நான் எம்பிவியைப் பரிந்துரைப்பேன்.

சிபியு கொஞ்சம் கூடுதலாகப் போனால் என்ன என்று கேட்கலாம். பாயிங்கின் அமைப்புகளில், மற்ற நிரல்கள் 25 சதவீதத்துக்கு மேல் சிபியுவை எடுத்தால் கணக்கீட்டை நிறுத்திவை என்று ஒரு வரி இருக்கிறது. இயல்பாகவே அது இயங்கும். சிபியு ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசையை இழை என்பார்கள்; நான்கு இழை கொண்ட பழைய மடிக்கணினியில் 25 சதவீதம் என்பது ஒரே ஓர் இழை. அதை வீடியோ தாண்டிவிட்டால் பாயிங்க் வேகம் குறைத்துக்கொள்ளாது, முழுசாக நின்றுவிடும். மீதி மூன்று இழைகளும் சும்மா கிடக்கும். பாயிங்கின் சிபியு வேலைகள் எப்படியும் மிகக் குறைந்த முன்னுரிமையில்தான் ஓடுகின்றன, வீடியோ கேட்டால் உடனே வழிவிடும். அதனால் இந்த வரம்பை உயர்த்துவதிலோ எடுத்துவிடுவதிலோ பெரும்பாலும் தொந்தரவு இல்லை. சூடு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை. நான்காம் தலைமுறை இன்டெல் சிபியு உள்ள மடிக்கணினிகள் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கின்றன. அவற்றின் கிராபிக்ஸ் சில்லு ஹெச்.264 என்ற கோடெக்கை அருமையாக விரிக்கும். விபி9, ஏவி1 என்ற புதிய கோடெக்குகள் வந்தால் பாரம் சிபியு தலையில்தான். யூடியூப் பெரும்பாலும் இவை இரண்டையும்தான் பிரவுசருக்கு அனுப்புகிறது. ஹெச்.264ஐ மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன; எம்பிவியிலும் அப்படி அமைக்கலாம். உங்கள் சில்லுக்கு எது தெரியும் என்பதை டெர்மினலில் விஏஇன்ஃபோ என்ற கட்டளை சொல்லிவிடும். அது பிழை காட்டினால் முதலில் டிரைவரைப் பாருங்கள்: டெபியன், உபுண்டுவில் இந்தப் பழைய இன்டெல் சில்லுகளுக்கு வேண்டியது ஐ965 டிரைவர், புதியவற்றுக்கான இன்டெல் மீடியா டிரைவர் அல்ல.

கிராபிக்ஸ் அட்டையையும் கணிமைக்குக் கொடுத்தவர்களின் புகார் வேறு மாதிரி: "படம் கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திக்குகிறது." மூன்று நிமிடம் விசைப்பலகையையும் மவுசையும் தொடாவிட்டால், ஆள் இல்லை என்று நினைத்து ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) வேலையைத் தொடங்குவது பாயிங்கின் இயல்பு. படம் பார்ப்பவர் மவுசை ஏன் தொடப்போகிறார்? டிகோடிங் தனிப் பகுதியில் நடந்தாலும், படத்தைத் திரை அளவுக்கு மாற்றி வரைவது பாயிங்கின் கணக்கீடு நடக்கும் அதே பகுதியில்தான். இதற்குப் பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாயிங்க் மேனேஜரில் எக்ஸ்க்ளூசிவ் அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஜிபியுவுக்கான பட்டியலில் மட்டும் உங்கள் பிளேயரைச் சேருங்கள். படம் ஓடும்வரை ஜிபியு வேலை நிற்கும், சிபியு வேலை தொடரும். எம்பிவி 0.37 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஃபாஸ்ட் என்ற புரொஃபைலையும் (ஆயத்த அமைப்புத் தொகுப்பு) போட்டுக்கொள்ளலாம், வரையும் வேலை குறையும்.

கிராபிக்ஸ் சில்லு மிகப் பழையது, எந்த உதவியும் கிடைக்காது என்றால் வீடியோவின் அளவைக் குறையுங்கள். 1366க்கு 768 திரையில் 1080பி ஓட்டினால் கூடுதல் புள்ளிகளை விரிக்கவும் உழைப்பு, மறுபடி சுருக்கவும் உழைப்பு. அந்தத் திரைக்கு 720பி போதும்.