முதலில் ஒரு ஸ்டூல் போடுங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண் ஒருவர் வந்தார். வயது 26. "சாயங்காலமானா கால் செருப்புக்குள்ள நுழைய மாட்டேங்குது டாக்டர்" என்றார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாகச் சுருட்டத் தொடங்கியிருந்தது.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"காலைல வீட்ல ஒரு டம்ளர். கடையில குடிச்சா பாத்ரூம் போகணும். மூணு மாடி ஏறி இறங்கணும், சூப்பர்வைசர் எங்க போனேன்னு கேப்பாரு."

போன மாதம்தான் இவருக்கு நீர்க்கடுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். குடிக்க முடிகிற இடத்தில் வேலை பார்க்கிறாரா என்று கேட்கவே இல்லை. அது என் தவறு.

காலுக்கு இறங்கும் ரத்தத்தைத் திரும்ப மேலே தள்ளுவதில் பெரிய பங்கு கெண்டைக்கால் சதைக்கு உண்டு. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்பு போல வேலை செய்யும். ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமல் குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கும். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் தேங்கும், வால்வு தளரும், குழாய் புடைத்துச் சுருளும். நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்வது இந்த ரத்தக்குழாயைத்தான். பிள்ளை பெற்றவர்களுக்கும், பெற்றோருக்கு இது இருந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அப்படியே விட்டால் கணுக்கால் தோல் கறுத்துப் புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

இதற்குத் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி எல்லாத் தொழிலாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018லேயே இதைச் செய்துவிட்டது. அங்கே கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில், தையல் வேலை பார்த்த விஜி என்பவர் கடைப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. நாற்காலி அப்புறம்தான். என் நோயாளிகளைக் கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்வார்கள்.

ஸ்டூல் வாங்கிப் போட்ட கடைகளிலும் அதில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். அதனால் கடை முதலாளிகளிடம் நான் சொல்வது இதுதான்: கூட்டம் இல்லாதபோது "உட்காருங்கம்மா" என்று மேனேஜரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாத்ரூம் போய் வருவதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பரிசோதனை முகாம் நடத்துவது நல்ல காரியம்தான், ஆனால் தினமும் தண்ணீர் குடிக்க விடுவது அதைவிட முக்கியம்.

நிற்பவர்களுக்கும் சில விஷயங்கள். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை. இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். இறுக்கமான சாக்ஸ் போடலாம், ஆனால் அளவும் அழுத்தமும் மருத்துவர் சொன்னபடி இருக்கட்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கக் கூடும்.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரைச் சீட்டோடு ஒரு கடிதமும் எழுதினேன்: மணிக்கு ஐந்து நிமிடமாவது இவர் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். வாங்கிப் படித்துவிட்டு, "எங்க செக்‌ஷன்ல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க டாக்டர், அவங்களுக்கும் எழுதித் தர முடியுமா?" என்றார். பார்க்காமல் எழுத முடியாது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால் மூன்று பேரும் வந்து நின்றார்கள்.