தலைகீழ் ஊசல்: வண்டி மேல் நிற்கும் கம்பின் பெயரும் கணக்கும்

கீழ்முனை பேரிங்கில் கோக்கப்பட்டு, மேல்முனை வானம் பார்க்க நிற்கும் ஒரு கம்பு. பேரிங் இருப்பது ஒரு சிறு வண்டியில். வண்டி ஒரு மீட்டர் நீளத் தண்டவாளத்தில் இடமும் வலமுமாக மட்டும் ஓடும். கம்பைப் பிடிக்க மோட்டார் கிடையாது, மோட்டார் வண்டிக்குத்தான். வண்டியை முன்னும் பின்னும் ஓட்டியே கம்பை விழாமல் நிறுத்த வேண்டும். கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கிறவர்கள் எந்த ஊர்க் கல்லூரியில் படித்தாலும் ஒருநாள் இதன் முன்னால் வந்து நிற்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் 'பெண்டுலம் பிராஜெக்ட்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தமிழில் எழுத வரும்போதுதான் என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி வருகிறது.

ஊசல் பழைய சொல். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் 'ஊசல் வரி' உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவங்களில் ஒன்று ஊசல். இரண்டிலும் பொருள் ஊஞ்சல்தான். ஊசல் மெல்லினம் ஏறி ஊஞ்சல் ஆயிற்று. மலையாளத்தில் ஊஞ்ஞால், தெலுங்கில் உய்யால. நெல்லையப்பர் கோயிலில் 96 தூண்களோடு நிற்பது ஊஞ்சல் மண்டபம். பேச்சில் ஊஞ்சல் தங்கிவிட, ஊசல் 'மனம் ஊசலாடுகிறது', 'உயிர் ஊசலாடுகிறது' என்ற தொடர்களிலும் இயற்பியல் புத்தகத்திலும் ஒதுங்கியது. பள்ளிப் பாடநூலில் நூலில் கட்டிய குண்டு 'தனி ஊசல்'. (சோறு 'ஊசிப்போச்சு' என்கிறோமே, அந்த ஊசல் வேறு. அகராதியைப் புரட்டும்போது இரண்டும் அடுத்தடுத்து வந்து குழப்பும்.)

பெண்டுலம் இலத்தீன் வழி வந்தது; வேர்வினைக்குப் பொருள் 'தொங்கு'. ஆகவே ஐரோப்பிய மொழிகளில் தலைகீழ்ப் பெண்டுலம் என்றாலே 'நிமிர்ந்து நிற்கும் தொங்கல்' என்று ஒரு முரண் வந்துவிடுகிறது. தமிழ்ச்சொல் தொங்குவதைச் சொல்லாமல் ஆடுவதைச் சொல்கிறது. அந்த முரண் நமக்கு இல்லை. ஆனால் நிமிர்ந்த கம்பு ஆடவும் ஆடாது, நேரே விழும். கணக்கிலும் அப்படித்தான்: தொங்கும் ஊசலின் சமன்பாட்டில் ஒரே ஒரு குறி மாறும், சைன் அலையாக வந்த விடை அடுக்குக்குறியாகப் பெருகும் விடையாகிவிடும்.

இதற்குப் புழங்கும் பெயர்களில் 'நேர்மாறு ஊசல்' கட்டாயம் தவிர்க்க வேண்டியது. நேர்மாறு கணிதத்தில் வேறு வேலைக்கு ஏற்கெனவே அமர்த்தப்பட்ட சொல்: நேர்மாறு அணி, நேர்மாறு சார்பு. கம்பின் நிலையைச் சொல்ல அது உதவாது. 'கவிழ் ஊசல்' அழகாக இருக்கிறது, ஆனால் கவிழ்ந்துவிட்ட ஊசல் என்றும் படிக்கலாம். நாம் கவிழாமல் நிறுத்தப் பாடுபடுகிறோம். 'தலைகீழ் ஊசல்' போதும். முழுப்பெயர் வேண்டுமானால் 'வண்டிமேல் தலைகீழ் ஊசல்'. கூடவே வரும் சொற்களில் ஒன்றுக்கு எச்சரிக்கை: கட்டுப்படுத்தப்படும் பொருளை ஆங்கிலக்காரர் 'பிளான்ட்' என்பார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு அதைத் தாவரம் ஆக்கி, 'தாவரத்தின் துருவங்கள்' என்று ஆய்வேட்டில் அச்சேற்றிவிடும். 'அமைப்பு' என்று எழுதுங்கள்.

கம்பு நிற்பது பாடநூல் சொல்லும் 'உறுதியற்ற சமநிலை'. எவ்வளவு உறுதியற்றது என்பதற்கு ஓர் எண் உண்டு. மாதிரியாக்கத்தில் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான். சீரான கம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, 9.81ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 60 செ.மீ. கம்புக்கு 0.4 ÷ 9.81, மூலம் 0.2 விநாடி. விழத் தொடங்கிய கம்பின் சாய்வு ஒவ்வொரு 0.2 விநாடிக்கும் ஏறத்தாழ 2.7 மடங்காகும். ஒரு பாகை சாய்வில் அசையாமல் விட்ட கம்பு 20 பாகையைத் தொட முக்கால் விநாடி. ஒட்டடைக் கம்பு உள்ளங்கையில் நிற்கிறது, பென்சில் நிற்பதில்லை என்பது சிறுவர்களுக்கும் தெரியும். காரணம் இந்த எண்தான். 1.8 மீட்டர் கம்புக்கு 0.35 விநாடி, 18 செ.மீ. பென்சிலுக்கு 0.11. கண் பார்த்துக் கை அசையவே சுமார் 0.2 விநாடி ஆகும்போது பென்சில் எங்கே நிற்கும்? ஆகவே முதல் முறை செய்கிறவர்கள் சின்னதாகச் செய்தால் சுலபம் என்று 20 செ.மீ. கம்பில் தொடங்க வேண்டாம்.

இந்த எண்ணைக் கணக்குப் போடாமல் அளந்தும் எடுக்கலாம், அதுவே நம்பகமானது. கம்பைப் பூட்டிய இடத்திலேயே தொங்கவிட்டு, வண்டியை அசையாமல் இறுக்கி, சிறிதாக ஆட்டி, 20 அலைவுக்கு நேரம் பிடியுங்கள். 60 செ.மீ. கம்புக்கு 25 விநாடி சொச்சம் வரும். 20ஆல் வகுத்து, 6.28ஆல் வகுத்தால் அதே 0.2. கம்பு சீராக இல்லாவிட்டாலும் நுனியில் எடை கட்டியிருந்தாலும் இந்த முறை சரியாகவே சொல்லும். வண்டியை இறுக்க மறந்தால் வண்டியும் சேர்ந்து ஆடி அலைவு நேரம் குறைந்து காட்டும்.

60 செ.மீ. கம்பின் சமன்பாடு, சிறு சாய்வுக்கு: கோண முடுக்கம் = 2.5 × (9.81 × சாய்வு − வண்டியின் முடுக்கம்). சாய்வு ரேடியனில், வலப்பக்கம் சாய்ந்தால் கூட்டல், வண்டி வலப்பக்கம் முடுகினாலும் கூட்டல். புவியீர்ப்பு ஒரு ரேடியனுக்கு 9.81 என்ற வீதத்தில் தள்ளுகிறது. வண்டி அதைவிட வேகமாக அடியில் போய் நிற்க வேண்டும். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் போட்டால் முடுக்கத்தையே நேரடியாகக் கட்டளையிடலாம், வண்டியின் எடை கணக்குக்குள் வராது. 24 வோல்ட் கொடுங்கள். பல் பெல்ட் ஓடும் 20 பல் ஜிடி2 புல்லியில் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்வு, விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்று. அந்த வேகத்தில் 12 வோல்ட் ஸ்டெப்பரின் முறுக்குவிசை கரைந்து, படி தவறி, வண்டி எங்கே நிற்கிறது என்பதே தெரியாமல் போகும்.

கட்டுப்பாட்டில் பலர் செய்வது சாய்வை மட்டும் பார்த்துத் திருத்துவது. கம்பு நிற்கும், வண்டி ஓடிப்போய் முட்டும். நான்கு நிலைகளையும் பின்னூட்ட வேண்டும்: சாய்வு, சாய்வின் வேகம், வண்டியின் இடம், வண்டியின் வேகம். இங்கே பின்னூட்டம் என்றால் கருத்துரை இல்லை. அளந்ததைத் திரும்ப உள்ளே கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண். துருவங்களை (சாய்வும் விலகலும் எவ்வளவு விரைவில் அடங்கும் என்று சொல்லும் எண்கள்) −5இல் இரண்டும் −2இல் இரண்டுமாக வைத்தால் முறையே 39, 7.9, 4.1, 5.7 வரும். நான்கையும் பெருக்கிக் கூட்டினால் வண்டிக்கு இட வேண்டிய முடுக்கம்.

நான்கும் கூட்டல் குறி. இடறி விழுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். வண்டி நடுவிலிருந்து வலப்பக்கம் விலகியிருந்தால், திருத்தம் அதை இன்னும் வலப்பக்கம் தள்ளச் சொல்கிறது! பிழை என்று நினைத்துக் கழித்தல் போட்டால் கம்பு உடனே விழும். வண்டி இடப்பக்கம் திரும்பி வர வேண்டுமானால் கம்பு முதலில் இடப்பக்கம் சாய வேண்டும். கம்பு இடப்பக்கம் சாய வண்டி முதலில் வலப்பக்கம் துள்ள வேண்டும். ஓடுகிற அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அந்தச் சின்ன எதிர்த்திசைத் துள்ளல் கண்ணில் படும். எந்தக் கட்டுப்பாட்டு முறையாலும் அதை நீக்க முடியாது; அமைப்பின் பிறவிக்குணம்.

அடுத்தது சுழிப்பிழை. கம்பு செங்குத்தாக நிற்கும்போது, கோணத்தை அளக்கும் என்கோடர் ஒரு பாகை காட்டினால் என்ன ஆகும்? கம்பு விழாது. சாய்வின் பங்கு 39 × 0.0175, அதை ஈடுகட்ட வண்டி நடுவிலிருந்து விலகி நின்றாக வேண்டும். 4.1ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17 செ.மீ. ஒரு மீட்டர் தண்டவாளத்தில் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு அரை மீட்டர்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போய்விடும். வண்டி ஒரு பக்கமாகவே ஒதுங்கி நின்றால் பெருக்கெண்ணைத் தொடாதீர்கள், சுழியைப் பாருங்கள். கையால் கம்பை நிமிர்த்திப் பிடித்துச் சுழி வைப்பது நடக்காத காரியம். கம்பைத் தொங்கவிட்டு, ஆட்டம் அடங்கியதும் அந்த எண்ணோடு அரைச் சுற்றைக் கூட்டுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற அதே வேலைதான். ரசமட்டம் காட்டும் தண்டவாளச் சாய்வு இதைக் கெடுக்காது. பேரிங் இறுக்கமாக இருந்தால் மட்டும் கம்பு அரைப் பாகை தள்ளி நின்றுவிடும். ரப்பர் மூடியுள்ள 608 பேரிங்கைவிடத் தகட்டு மூடியுள்ளது இலகுவாகச் சுழலும்.

மோட்டார் 'கிர்ர்' என்று இரைந்துகொண்டே இருந்தால் அது என்கோடரின் நுண்மைக் குறை. 600 துடிப்பு என்கோடரை நான்மடங்காக எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2400, ஓர் எண்ணுக்கு 0.15 பாகை. 5 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படித்து, வித்தியாசத்தை நேரத்தால் வகுத்து வேகம் எடுத்தால், ஓர் எண் மாறினாலே விநாடிக்கு 30 பாகை வேகம் என்று காட்டும். 7.9ஆல் பெருக்கினால் திடீரென 4 மீட்டர்/விநாடி² முடுக்கக் கட்டளை. கம்பு அசையவே இல்லை, மோட்டார் அதிர்கிறது. 2500 துடிப்பு என்கோடர் வாங்கலாம், விலை கூடுதல். வேகத்தை வடிகட்டலாம், ஆனால் வடிகட்டியின் தாமதம் 20 மில்லிவிநாடிக்கு மேல் போனால், 0.2 விநாடியில் விழுகிற கம்புக்கு அது பத்தில் ஒரு பங்கு. தணிப்பு குறைந்து கம்பு ஊசலாடத் தொடங்கும், இந்தமுறை நிஜமாகவே.

மெதுவாக, ஓரிரு விநாடிக்கு ஒருமுறை, வண்டி முன்னும் பின்னும் போய்வந்தால் காரணம் தண்டவாள உராய்வு அல்லது பெல்ட்டின் தளர்வு. பெருக்கெண்ணை மாற்றிப் பயனில்லை, பெல்ட்டை இறுக்குங்கள்.

பணகுடி, காவல்கிணறு பக்கம் போகிறவர்கள் மகேந்திரகிரியைக் காட்டி, அங்கே சோதிக்கிற ராக்கெட் எஞ்சினும் இதே கதைதான் என்பார்கள். பாதி சரி. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்ட விகாஸ் எஞ்சின் சாய்ந்து திரும்பி ராக்கெட்டின் திசையைத் திருத்துகிறது. அடியை நகர்த்தி மேலே உள்ளதை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கணக்கு ஒரே குடும்பம். ஆனால் கம்பை விழச்செய்வது புவியீர்ப்பு. பறக்கும் ராக்கெட்டுக்கு ஊன்றிய பேரிங் கிடையாது, ஈர்ப்பு அதைத் தலைகுப்புறத் திருப்புவதில்லை. காற்றழுத்தத்தின் மையம் எடைமையத்துக்கு முன்னால் இருக்கும்போது காற்றுதான் திருப்புகிறது. காற்று இல்லாத உயரத்தில் 'தலைகீழ் ஊசல்' என்று எழுதினால் தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைத்தாலும் தப்பில்லை.

பின்னூட்டமே இல்லாமல் நிற்கும் தலைகீழ் ஊசலும் உண்டு. அடியை மேலும் கீழுமாக விரைந்து அதிரவைத்தால் கம்பு தானே நிற்கும். 1908இல் ஸ்டீபன்சன் காட்டினார், 1951இல் ரஷ்ய இயற்பியலர் கபிட்சா விளக்கினார். பெயர் கபிட்சா ஊசல் என்று நின்றுவிட்டது.

கம்பைக் கையால் தூக்கி நிறுத்தாமல், தொங்கும் நிலையிலிருந்து வண்டியே ஆட்டி மேலேற்றுவதை 'ஆட்டி நிமிர்த்தல்' எனலாம். கம்பின் நுனி வலப்பக்கம் வீசும்போது வண்டியை இடப்பக்கம் முடுக்க வேண்டும், இடப்பக்கம் வீசும்போது வலப்பக்கம். ஒவ்வொரு வீச்சிலும் ஆற்றல் ஏறும். கம்பு கிடைமட்டமாக இருக்கும் நொடியில் தள்ளிப் பயனில்லை. உச்சிக்கு 15 பாகைக்குள் வந்ததும் நான்கு பெருக்கெண் கட்டுப்பாட்டுக்கு மாற்றுங்கள். மாறிய கணமே வண்டி ஓரத்துக்குப் பாய்ந்தால் எண்ணியைப் பாருங்கள்: கம்பு ஒரு முழுச் சுற்று போயிருக்கும், எண்ணி 2400 கூடியிருக்கும், நிரல் அதை 360 பாகைச் சாய்வு என்று நம்பிவிடும். 2400ஆல் வகுத்த மீதியை எடுத்து, 1200ஐத் தாண்டினால் 2400ஐக் கழியுங்கள். சி மொழியில் குறை எண்ணின் மீதியும் குறையாகவே வரும். −1200க்குக் கீழே போனால் 2400ஐக் கூட்டும் வரியும் சேர்த்து எழுத வேண்டும்.