‘ஹெவி டியூட்டி’ பிக்கப்: கனரகம் அல்ல, வன்பணி

அமெரிக்காவில் பிக்கப் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் எதிர்கொள்ளும் இரண்டு சொற்கள் ‘லைட் டியூட்டி’, ‘ஹெவி டியூட்டி’ என்பவை. ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. எஃப்-250, எஃப்-350, சில்வராடோ 2500, 3500, ராம் 2500, 3500 ஆகியவை இரண்டாம் வகை. டிரெய்லர் இழுக்கவும் அன்றாடம் வேலைக்குப் போகவும் டீசல் பிக்கப் ஒன்றை வாங்குகிறவர் இவற்றில் எதை எடுப்பது என்று பார்க்குமுன், இச்சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்த்துவிடலாம். ஓட்டுநர் உரிமத்தின் வழியாக நமக்குப் பழகிப்போன ‘இலகுரக’, ‘கனரக’ என்னும் அடைமொழிகளை இவற்றுக்கும் சூட்டி எழுதிவிடுவது தமிழில் எளிதாக நடந்துவிடுகிறது. ஆனால் அது பிழையான பொருளையே தரும். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சுமையோடு சேர்த்து 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டி இலகுரக வாகனமே. 12,000 கிலோவைத் தாண்டினால்தான் அது கனரகச் சரக்கு வாகனம். அமெரிக்காவின் ஹெவி டியூட்டி பிக்கப்புகளோ 8,501 முதல் 14,000 பவுண்டு வரையிலான மொத்த எடைக்குள், அதாவது ஏறத்தாழ 3,860 கிலோவிலிருந்து 6,350 கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன. நம் சட்டத்தின் கணக்கில் அவையெல்லாம் இலகுரக வாகனங்கள்தாம்.

குழப்பம் ‘டியூட்டி’ என்ற சொல்லில் இருக்கிறது. அலுவலக வேலை நேரத்துக்கும் சுங்க வரிக்கும் நாம் அன்றாடம் ஆளும் இச்சொல், செலுத்த வேண்டியது என்னும் பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் அடியில் இருப்பது கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் லத்தீன் வேர். (தமிழிலும் ‘கடன்’ என்ற ஒரே சொல் கடமையையும் வாங்கிய பணத்தையும் குறிப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.) எந்திரத் தொழிலில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீர் இறைத்த நீராவி எந்திரங்களை அளக்க, ஒரு புஷல் (பழைய முகத்தல் அளவு) நிலக்கரியைக் கொண்டு ஓர் எந்திரம் எத்தனை பவுண்டு நீரை ஓர் அடி உயரத்துக்கு ஏற்றுகிறது என்று கணக்கிட்டு, அந்த அளவையே எந்திரத்தின் ‘டியூட்டி’ என்றனர். 1811 முதல் அவ்வட்டாரத்து எந்திரங்களின் கணக்குகள் அச்சிடப்பட்டும் வந்தன. ஆக, எந்திரத்துக்குரிய டியூட்டி என்பது அது செய்து காட்ட வேண்டிய உழைப்பு. ஹெவி டியூட்டி என்பதும் வண்டியின் சொந்தக் கனத்தைச் சொல்லவில்லை. அதன் மேல் சுமத்தக்கூடிய வேலையின் கடுமையைச் சொல்கிறது.

எனவே ‘வன்பணி’, ‘மென்பணி’ என்ற இணையை இங்கே முன்வைக்கலாம். வல்லினம், மெல்லினம் என்று எழுத்துகளையே பிரித்துப் பழகிய மொழியில் இந்த எதிர்ச்சொற்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ‘கடும்பணி’ என்பதும் தவறாகாது. ஆனால் அதற்கு எதிராக ‘எளிய பணி’ என்று எழுதினால் வண்டி நினைவுக்கு வராமல் வேறு ஏதோ நினைவுக்கு வருகிறது.

பிக்கப் என்பதற்கு இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. 1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு திறந்த பெட்டியைப் பொருத்தி, ‘பிக்கப் பாடி’ கொண்ட வண்டி என்ற பெயரில் 281 டாலருக்கு விற்றது. தமிழ்நாட்டில் பிக்கப் என்கிறோம். இலங்கைத் தமிழில் அது ‘கெப்’, நான்கு கதவு இருந்தால் ‘டபுள் கெப்’. எழுத்துத் தமிழுக்குச் ‘சிறு சுமையுந்து’ என்பது பொருத்தமான சொல். டீசல் என்பதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அது ருடால்ஃப் டீசல் என்னும் பொறியாளரின் பெயர், அவருடைய எந்திரம் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது.

விற்பனையகங்களில் இன்னமும் ‘அரை டன்’ (மென்பணி), ‘முக்கால் டன்’, ‘ஒரு டன்’ (இரண்டும் வன்பணி) என்ற வழக்கும் புழங்குகிறது. டன் என்பது மது நிரப்பும் பெரிய பீப்பாயின் பெயரிலிருந்து வந்த அளவு. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ மட்டுமே. ஒரு காலத்தில் அரை டன் வண்டி உண்மையிலேயே அரை டன் சுமந்தது. இன்றைய அரை டன் வண்டிகள் பல 1,500 முதல் 2,000 பவுண்டு வரை சுமக்கின்றன, பெயர் மட்டும் மாறவில்லை. எஃப்-150 என்ற பெயர் பிறந்த கதையும் இத்தகையதே: மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அன்றைய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக இருந்ததால், அவ்வரம்பைச் சற்றே தாண்டும் ‘கனத்த அரை டன்’ வண்டியாக 1975இல் அது கொண்டுவரப்பட்டது. ஆகவே டன் கணக்குப் பெயர்களை வகையின் அடையாளமாகக் கொள்ளலாமே தவிர, அளவாகக் கொள்ளலாகாது.

டீசல் பிக்கப் என்றால் நெடுங்காலம் பெரும்பாலும் வன்பணி வண்டிதான். டாட்ஜ் நிறுவனம் 1989இல் எந்திர நிறுவனமான கம்மின்ஸின் 5.9 லிட்டர் டீசல் எந்திரத்தைப் பொருத்திய பிறகு டிரெய்லர் இழுப்பவர்களிடையே அது வேரூன்றியது. இக்காலத்து மென்பணி டீசல் பிந்தி வந்து, விரைவிலேயே மெலிந்தும் போனது: ராம் 1500இல் 2014இல் வந்த மூன்று லிட்டர் டீசல் 2023இல் நின்றது, எஃப்-150இன் டீசல் 2018 முதல் 2021 வரை மட்டுமே இருந்தது. சில்வராடோவைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று லிட்டர் டீசலான ட்யூராமேக்ஸ் நிலைத்தது. 2020 மாதிரியில் 277 குதிரைத்திறனும் 460 பவுண்டு-அடி முறுக்கு விசையும் தந்த அது, 2023 மாதிரியில் 305க்கும் 495க்கும் உயர்ந்தது. அதே நிறுவனத்தின் 6.6 லிட்டர் வன்பணி டீசல் 2024 மாதிரியில் 470 குதிரைத்திறனும் 975 பவுண்டு-அடியும் தருகிறது. முறுக்கு விசையில் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் பெரியதையே வாங்கிவிடத் தோன்றும். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முறுக்கு விசை அன்று.

இங்கேதான் ‘இழுவை’, ‘சுமை’ என்ற இரண்டு சொற்களையும் பிரித்து ஆள வேண்டியுள்ளது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது இழுவைத் திறன். வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்னும் தரவிதிப்படி அது சோதிக்கப்படுகிறது. அரிசோனாவின் டேவிஸ் அணைப் பக்கத்து நெடும் ஏற்றத்தில், பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டுமே உள்ள பிக்கப் டிரெய்லரோடு மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏறியாக வேண்டும். ஆனால் டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு கொக்கி வழியாக வண்டியின் மேலேயே அழுந்துகிறது என்பதை அந்த எண் காட்டுவதில்லை. மாட்டுவண்டியில் சரக்கேற்றுகிறவர்கள் இதை ‘முன்பாரம்’ என்பார்கள். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரம் மிகுந்தால் மாடு நுகத்தடியில் திணறும். டிரெய்லரிலும் பின்பாரம் மிகுந்தால் அது சாலையில் வாலாட்டத் தொடங்கிவிடும். ஆதலால் கொக்கியில் மாட்டும் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடும், பிக்கப்பின் பெட்டிக்குள்ளேயே பூட்டப்படும் ‘ஃபிஃப்த் வீல்’ வகையில் 15 முதல் 25 விழுக்காடும் முன்பாரமாக வர வேண்டும் என்பது நடைமுறை. இந்த முன்பாரம் இழுவைக் கணக்கில் மட்டுமன்றிச் சுமைக் கணக்கிலும் சேரும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் தூணில் மஞ்சள் பட்டையுடன் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேற்படக் கூடாது என்று, அந்த ஒரு வண்டிக்கே உரிய எண் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மென்பணி டீசல் பிக்கப்பில் அது 1,700 பவுண்டு என்று கொள்வோம். 7,000 பவுண்டு டிரெய்லரின் முன்பாரம் 13 விழுக்காட்டில் 910 பவுண்டு, நால்வர் கொண்ட குடும்பம் 650 பவுண்டு, மீதி 140. அதில் கொக்கிச் சட்டத்தின் எடை போக, ஒரு குளிர்பெட்டிக்கும் இரண்டு பைகளுக்கும் இடமிருக்கும், அவ்வளவுதான். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் 20 விழுக்காட்டில் முன்பாரமே 2,400 பவுண்டு. ஆள் ஏறுமுன்னரே கணக்கு முடிந்துவிடுகிறது. இழுவைத் திறன் என்னவாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது வன்பணி வண்டிக்குரிய வேலை.

அன்றாட அலுவலகப் பயணத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. பெருஞ்சுமைக்காக இறுக்கி அமைத்த வன்பணி வண்டியின் பின்புற ஸ்பிரிங்குகள் வெறும் பெட்டியோடு ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகுக்குச் சொல்லும். வாகன நிறுத்தக் கட்டடங்களில் நீளமும் உயரமும் இடிக்கும். மென்பணி டீசலில், 2020 மாதிரி சில்வராடோவின் பின்சக்கர இயக்க வகைக்கு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 33 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் என்று அரசு முகமை கணித்தது. வன்பணி வண்டியின் கண்ணாடியில் அத்தகைய எண்ணைத் தேடினால் கிடைக்காது. 8,500 பவுண்டு வரம்பைத் தாண்டிய வண்டிகளுக்கு எரிபொருள் கணக்கைக் காட்டும் ஒட்டுத்தாள் கட்டாயமில்லை. டீசல் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியின் தொல்லை இரு வகைக்கும் பொது: சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கப் புகைப்போக்கி நெடுநேரம் சூடாக இருக்க வேண்டும், ஐந்து மைல் போய் நிற்கும் பயணத்தில் அது நடவாது. வேலையிடம் அத்தனை அருகில் இருப்பவர் எந்த டீசலையும் வாங்காமல் பெட்ரோல் பிக்கப்பைப் பார்ப்பதே என் பரிந்துரை. வாரம் முழுதும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய், மாதத்தில் ஓரிரு முறை 7,000 பவுண்டுக்குள் இழுப்பவருக்கு மென்பணி டீசலைவிடப் பொருத்தமானது இல்லை.

வன்பணி வண்டிதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டாலும் கதவுத் தூணைப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். எஃப்-250இன் மொத்த எடை வரம்பு பல வடிவங்களில் 10,000 பவுண்டாக நிறுத்தப்பட்டிருக்கிறது. டீசல் எந்திரம், நான்கு சக்கர இயக்கம், நான்கு கதவு, சொகுசு இருக்கைகள் என்று சேரச் சேர வண்டியின் சொந்த எடை ஏறி, சுமக்க மிஞ்சுவது 2,000 பவுண்டுக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுவதுண்டு. மேலே சொன்ன 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு அதுவும் போதாது. அதே எந்திரமும் பெரும்பாலும் அதே உடற்பகுதியும் கொண்ட எஃப்-350க்கு வரம்பு அதைவிட உயரம். அந்த ஃபிஃப்த் வீலை இழுக்க விரும்புகிறவர் கேட்க வேண்டியது எஃப்-350ஐ.