விண்வெளி வானிலையா, விண்ணிலையா?

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். எண்ணைக் கேட்டதும் வலையைச் சுருட்டுவதா, கூரையில் கல்லை வைப்பதா என்று தெரிந்துவிடும். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் இது. சூரியனிலிருந்து வரும் புயலுக்கும் அப்படி ஓர் எண் வரிசை உண்டு: ஜி1 முதல் ஜி5 வரை. 2024 மே 10 அன்று பூமியைத் தாக்கியது அதில் மிகக் கடுமையான ஜி5. அன்றிரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது.

இப்படிப்பட்ட விண்வெளி மாற்றங்களுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பேஸ் வெதர்' என்று பெயர். நாம் 'விண்வெளி வானிலை' என்று எழுதுகிறோம்.

'வெதர்' பழைய ஆங்கிலத்தில் காற்று, வானம், புயல் எல்லாவற்றையும் குறித்த சொல். வீசுவது என்ற வேரிலிருந்து வந்தது என்பார்கள். அந்த வகையில் பொருத்தம்தான். சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் ஓயாமல் வீசுகின்றன என்று அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1958இல் கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்குப் பெயரே சூரியக் காற்று.

சரி, தமிழுக்கு வருவோம். தேன் + நிலவு தேனிலவு ஆனதுபோல வான் + நிலை வானிலை. அழகான சொல். ஆனால் அதன் முன்னால் 'விண்வெளி'யைச் சேர்த்தால் வானத்தை இரண்டு முறை சொல்கிறோம், 'கேட்டுக்கதவு' என்பதைப் போல. கண் + நீர் கண்ணீர் என்றால் விண் + நிலை விண்ணிலை. மூன்றெழுத்து வானிலைக்குப் பக்கத்தில் நான்கெழுத்து விண்ணிலை. அதற்குத்தான் என் வாக்கு.

சொல் சுருங்கினாலும் பொருள் பெரிது. வெறும் சூரியப் புயல் மட்டும் விண்ணிலை ஆகாது. சூரிய ஒளி பட்டு அயனிகளாக, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த காற்று, தரையிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. உயரத்தில் தொடங்கும் அயனி மண்டலத்தில் இருக்கிறது. அயனி என்பது கிரேக்கத்தில் 'போவது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து, 1834இல் மைக்கேல் ஃபாரடே வழியாக வந்தது. உத்தராயணத்தில் வரும் அயனமும் 'செல்லுதல்'தான். இரண்டுக்கும் மூல வேர் ஒன்றே.

நாம் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில். காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் அந்தக் கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. இங்கே சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி வேகமாக மெலிகிறது, மேல்பகுதி அடர்த்தியாகவே நிற்கிறது. எண்ணெய்க்கு மேல் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் இறங்கும், எண்ணெய் குமிழ் குமிழாக ஏறும். அதே கதைதான் மேலேயும்: மெலிந்த அடிப்பகுதி குமிழ் குமிழாக மேலே ஏறுகிறது. அந்தக் குமிழ்களைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல் நட்சத்திரம்போல மினுக்குகிறது, சில நேரம் அறுந்தும் போகிறது. இந்தியப் பகுதியில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது அதிகம்.

படகு வைத்திருக்கும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப வெயில் சாஞ்சப்புறம் ஜி.பி.எஸ். கொஞ்ச நேரம் புள்ளி காட்டாம நின்னுச்சே, அதுக்கு இதுதான் காரணமா?" என்றார். செட்டின் கோளாறாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம் என்றேன்.

முன்கூட்டிச் சொல்வது இங்கேதான் கடினம். சூரியனில் வெடித்துக் கிளம்பும் துகள் மேகம் பூமிக்கு வர பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய இந்திய விண்கலம் ஆதித்யா எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்று சூரியனைக் கவனிக்கிறது. ஆனால் சூரியன் அமைதியாக இருக்கும் நாளிலும் நம் தலைக்கு மேல் குமிழ் கிளம்பலாம். நேற்று வந்தது இன்று வராமலும் போகலாம்.

"அதுக்கும் கூண்டு ஏத்துவாங்களா?" என்று சித்தப்பா கேட்டார். இன்று மாலை குமிழ் வருமா என்று காலையிலேயே உறுதியாகச் சொல்லத் தெரிந்தால் ஏற்றலாம் என்றேன். "அப்ப விண்ணிலைக் கூண்டுன்னு பேரு வை" என்றார்.